லோட் செய்யாத இரவு

உலகம் அழியப்போகிறதாம்.
அழியட்டும், என்ன அவசரம்?
ஏரிக்கரையில் இருபது மணி நேரம் மீன் பிடித்தேன்.
கோபுர உச்சியில் ஓங்கிய வாளோடு
அரக்கவேந்தன் எனக்காக நின்றுகொண்டே இருந்தான்.
பிர்னோவில் டிராம்கூட அப்படி நிற்காது.
ஓட்டுகிறவள் சொல்கிறேன்.

கடைசி வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு
சீருடையைக்கூடக் கழற்றாமல்
ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்து விளையாடுகிறவள்.
வயது ஐம்பத்தொன்று.
கட்டைவிரலில் வலி உண்டு.
அபிப்பிராயம் அதைவிட அதிகம்.

தீர்க்கதரிசனம் வேண்டாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.
நான் பிறக்குமுன்பே என் பெயரைப்
பாறையில் வெட்டிவைத்திருந்தால்
மிச்ச வேலையையும் அந்தப் பாறையே பார்க்கட்டும்.
எலி பிடிக்க வந்தவள்
வழி தவறி அரண்மனைக்குள் போய்விட்டாள் என்று தொடங்குங்கள்,
விடிய விடியக் கூட வருகிறேன்.

அப்புறம் அந்தப் பதில்கள்.
"உதவுகிறேன்."
"சரி, உதவுகிறேன்."
"காசு கொடு, உதவுகிறேன்."
மூன்று வாசல், ஒரே கூடம்.
ஒருமுறை கெட்டவளாக இருந்துபார்க்க ஆசைப்பட்டேன்,
முரட்டுத்தனமாகப் பேச மட்டும்தான் விட்டார்கள்.
நிஜத்தில் கெட்டவர்கள் எவ்வளவு பணிவாகப் பேசுவார்கள்!
என் முன்னாள் கணவரின் வக்கீலைக்
கேட்டு எழுதியிருக்கலாம்.

தோழமையை விலைக்கு வாங்குவது இன்னொன்று.
ஆறு ஆப்பிள், ஒரு வெள்ளி மோதிரம்,
இதயக்குறி நிரம்பிவிடுகிறது.
இவ்வளவு சுலபமென்றால்
ஓஸ்லோவில் இருக்கும் என் மகளுக்கு
ஒரு மூட்டை ஆப்பிள் அனுப்பியிருப்பேனே.

பகல் ஷிஃப்ட் ஓட்டகர் சொல்வான்,
கதை எதற்கு, சண்டை நன்றாயிருந்தால் போதாதா என்று.
வசனங்களைத் தாண்டிக் குதிக்கிற ஆள்.
யாரைக் கொல்கிறோம் என்று தெரியாமலே
எழுபதாம் லெவலுக்குப் போய்விட்டான்.
அவனோடு தேநீர் குடிப்பேன்,
இதைப் பற்றிப் பேசமாட்டேன்.
பேசாமல் ஒருநாளும் இருந்ததில்லை.

போன பிப்ரவரியில் ஒன்று விளையாடினேன்.
சின்ன விளையாட்டு. படங்கள் கரடுமுரடு.
குதிரை பாறையில் பக்கவாட்டில் ஏறும்.
பனிக்கட்டி மிதக்கும் ஆறு, ஒரு படகு,
படகுக்காரனோடு இருவருக்கே இடம்.
நாங்கள் மூவர்:
நான்,
காயம் ஆற்றத் தெரிந்த ஒருத்தி,
கணக்கை எப்போதும் தப்பாகவே,
எப்போதும் எனக்கு லாபமாகவே
எண்ணிச் சொல்லும் குள்ளன் ஒருவன்.

காயம் ஆற்றுகிறவளை ஏற்றினேன்.
யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
கரையில் குந்தி
நாணயங்களை மறுபடி எண்ணத் தொடங்கினான்.

நடு ஆற்றில் படகுக்காரன் துடுப்பை நிறுத்திக் கேட்டான்:
"அங்கே விட்டுவந்தாயே, அவன் பெயர் என்ன?"
மூன்று பதில்கள் வரவில்லை.
ஒரு காலிப் பெட்டி,
அதில் விட்டு விட்டு மின்னும் ஒரு கோடு.

முப்பது மணி நேரம் அவன் என் பின்னால் நடந்தான்.
"நீ யார்?" என்று ஒரு கேள்வி அங்கேயேதான் இருந்தது.
நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டிருந்தேன்.

பத்து நிமிடம் முந்தைய சேவ் இருந்தது.
விரல் அந்தப் பொத்தான்வரை போனது.
வெளியே பனியள்ளும் வண்டி
தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது.
பெட்டியில் எழுதினேன்: தெரியாது.
அவன் தலையாட்டிவிட்டுத் துடுப்பை எடுத்தான்.
அவ்வளவுதான்.
இசைகூட மாறவில்லை.

முடிவு சரியில்லை, அதையும் சொல்லவேண்டும்.
கடைசி மூன்று மணி நேரம் வெறும் படிக்கட்டு.

மார்ச்சில் ஓட்டகரும் அதையே விளையாடினான்.
"எந்தப் படகுக்காரன்?" என்றான்,
சர்க்கரைக் கட்டியைத் தேநீரில் போட்டபடி.
பிறகு,
"ஓ, அந்தக் குள்ளனா! ஏதோ பொத்தானை அழுத்தப்போய்
ஒருதரம் தன் கதை முழுக்கச் சொல்லிவிட்டான்.
பெயர்கூட வேடிக்கையாக இருக்கும், என்னவென்றால்..."

சொல்லாதே, என்றேன்.
பக்கத்து மேசையில் இருந்தவர்கள்
திரும்பிப் பார்த்தார்கள்.